மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியவருக்கு வயிற்றோட்டம் வந்தால், "கீமோ என்றால் அப்படித்தான்" என்று வீட்டார் பொறுத்துக்கொள்வதுண்டு. ஏற்றியது பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்தானால் அந்தப் பொறுமை உயிருக்கே உலை வைக்கும். இவை கீமோ அல்ல.

உடலைக் காக்கும் ரி கலம் எடுத்த எடுப்பில் தாக்காது. அதன் வாங்கி ஒன்று அந்நியப் புரதத் துண்டை இனங்காண வேண்டும். சிடி28 என்ற இன்னொரு வாங்கியும் தூண்டப்பட வேண்டும். தாக்குதல் எல்லை மீறாதிருக்க சிடிஎல்ஏ-4, பிடி-1 ஆகிய வாங்கிகள் பிரேக்காக நிற்கின்றன. சிடி28 பற்ற வேண்டிய புரதத்தை சிடிஎல்ஏ-4 முந்திக்கொண்டு இறுகப் பற்றும். பிடி-1 கலத்துக்குள்ளே ஓடும் சமிக்ஞையை அணைக்கும். புற்றுநோய்க் கலங்கள் பல, பிடி-எல்1 புரதத்தைக் காட்டி இதே பிரேக்கைப் போட்டுத் தப்புகின்றன. அதை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹொஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

மேற்சொன்ன மருந்துகள் இந்தப் பிரேக்கைத்தான் விடுவிக்கின்றன. ஆனால் பிரேக் உடலெங்கும் தளர்கிறது. குடல், நுரையீரல், ஈரல், தைரொயிட், அரிதாக இதயம்கூடத் தாக்கப்படலாம். இந்தப் பக்கவிளைவு சில வாரங்களில் வரலாம். மருந்து நிறுத்திப் பல மாதங்களின் பின்னும் வரலாம். நேரத்தோடு ஸ்டீரொயிட் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கிளிநொச்சி மாவட்டத்து ஜெயபுரம் போன்ற ஊருக்கு இந்த 'நேரத்தோடு' என்பதுதான் சிக்கல். புற்றுநோய்க் கிளினிக்குக்குச் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டித் தெல்லிப்பழைக்கோ, தொலைவில் மகரகமவுக்கோ போக வேண்டும். மூச்சு முட்டுவதோ வீட்டில், நடு இரவில். முதலில் பார்ப்பவர் முழங்காவிலிலோ கிளிநொச்சியிலோ கடமையிலுள்ள வைத்தியர். மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய திகதியையும் எழுதித் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை. டயக்னோசிஸ் காட்டோடு அதையும் வையுங்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

இன்னோர் ஆபத்து, போலி மருந்து. விலை உயர்ந்த இந்த மருந்துகளின் வெற்றுக் குப்பிகளில் பூஞ்சண மருந்தை நிரப்பி விற்ற கும்பலை 2024 மார்ச்சில் டெல்லிப் பொலிஸார் பிடித்தனர். இலங்கையிலும் 2023இல் வெளிவந்த தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வெளியே வாங்க நேர்ந்தால் விலைச்சிட்டையும் தொகுதி இலக்கமும் கட்டாயம். "மலிவாக எடுத்துத் தாறன்" என்பவரிடம் வாங்கவே வேண்டாம். சந்தேகமிருந்தால் ஏற்றுமுன் வைத்தியரிடம் காட்டி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு முறையிடுங்கள். ஏற்றி முடிந்த குப்பி உங்கள் கண்முன்னே உடைக்கப்பட வேண்டும் என்றும் கேட்கலாம்.