தசைத் தளர்வும் உடல்நலமும்

மாலையில் பள்ளி முடிந்து வீடு திரும்பிய ஆசிரியர் சாய்வு நாற்காலியில் சாய்கிறார். வேலை நின்றுவிட்டது. ஆயினும் அவருடைய தாடை இறுகியிருக்கிறது, புருவங்கள் நெரிந்திருக்கின்றன, தோள்கள் சற்றே உயர்ந்து நிற்கின்றன. உடல் கிடக்கிறது, தசைகளோ உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஓய்வு வேறு, தளர்வு வேறு என்பதற்கு இதுவே சான்று.

இறுக்கம் ஏன் உண்டாகிறது?

ஆபத்தைக் கண்டதும் பரிவு நரம்பு மண்டலம் விழிப்படைகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயத் துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, கல்லீரலிலிருந்து சர்க்கரை வெளிப்படுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார்.

புலியைக் கண்டவன் ஓடித் தீர்த்துவிடுகிறான். மேலிடத்துக் கடிதத்தைக் கண்டவன் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. ஆயத்தம் மட்டும் செலவாகாமல் உடலில் தங்கிவிடுகிறது. தலைவலியும் கழுத்துவலியும் உறக்கமின்மையும் பல வேளைகளில் இதனைப் பின்தொடர்கின்றன.

ஜேகப்சனின் ஆராய்ச்சி

சிகாகோ நகரில் ஆராய்ச்சி செய்த டாக்டர் எட்மண்ட் ஜேகப்சன், தசைகளில் தோன்றும் மிக நுண்ணிய மின்னழுத்தங்களைக் கருவிகொண்டு அளந்தார். கையை மடக்குவதாக மனத்தில் எண்ணிய அளவிலேயே, அசையாதிருந்த அக்கையின் தசைகளில் மின் மாறுதல் புலப்பட்டது. கவலையும் தசையும் எவ்வளவு நெருங்கியவை என்பதை இதனால் உணரலாம்.

தம் முறையை அவர் 1929-இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலோர் தம் தசை இறுகியிருப்பதையே அறியார். ஆகவே முதலில் இறுக்கத்தை உணரப் பழக வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தளர்வதற்காக வருந்தி முயலுவதும் ஓர் இறுக்கமே. முயற்சியை விட்டுவிடுவதே தளர்வு.

நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயிலப்படும் சவாசனமும் இதற்கு நெருங்கியதே. பம்பாயில் டாக்டர் கே. கே. டாதேயும் அவருடைய துணைவர்களும் உயர் இரத்த அழுத்தமுடைய 47 பேருக்கு இதனைக் கற்பித்து, முடிவுகளை 1969-இல் வெளியிட்டனர். பலருக்கு அழுத்தம் குறைந்தது. சிலருக்கு மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. எல்லோருக்கும் ஒரே பயன் கிட்டவில்லை. எனவே, மருத்துவர் கூறாமல் எவரும் மருந்தை நிறுத்தலாகாது. கிராமங்களில் பணிபுரிவோர் இதனை வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

செய்முறை

பாயில் மல்லாந்து படுத்து, வலது கையை இறுக மூடுக. ஐந்து விநாடிகள் அவ்விறுக்கத்தைக் கவனித்து, பின் ஒரேயடியாக விட்டுவிடுக. அரை நிமிடம் வேறுபாட்டை உணர்க. இவ்வாறே இடக்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, கால்கள் என வரிசையாகச் செய்க. காயமோ வலியோ உள்ள பகுதியை இறுக்காமல் விட்டுவிடலாம். மொத்தம் பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் போதும்.

மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனையும் காட்டலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மெதுவாக மூச்சு விடச் செய்க. மூச்சை இழுக்கும்போது நாடி சற்றே விரைவதையும், வெளிவிடும்போது சற்றே தணிவதையும் கூர்ந்து கவனிப்போர் உணர்வர். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குவதே இதன் காரணம்.

பயிற்சி பழகிய பின் பாயும் தேவையில்லை. பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும், வகுப்பறைக்குள் நுழையுமுன்னும், தாடையும் தோளும் இறுகியுள்ளனவா என்று ஒரு கணம் நோக்கி, அவற்றை விட்டுவிடலாம். இதற்குக் கருவியும் செலவும் வேண்டா. நாள்தோறும் சிறிது பழக்கமே வேண்டும்.