மூழ்கிய கப்பலும் ஆறங்குலப் பையனும்

ஸ்டாக்ஹோம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது நோபல் பரிசு. ஆனால் பத்து வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும் "இந்த ஊர்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது. கோடை விடுமுறையில் என் தம்பி வீட்டுக்குப் போனபோது நான் பட்ட பாடு இது. பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றே எழுதுகிறேன்.

ஸ்வீடனின் தலைநகரான இந்த ஊர் 14 தீவுகளின் மேல் அமைந்தது. எனவே பஸ்ஸை விட்டுப் படகில் ஏறுங்கள். பிள்ளைகளுக்குப் பாதி சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடும்.

பழைய நகரில் மோர்டன் ட்ரோட்சிக் சந்து என்று ஒன்று உண்டு. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர்தான். என் பையன் இரண்டு கையையும் விரித்துச் சுவரைத் தொட்டபடியே 36 படிகளையும் ஏறினான். அரண்மனைக்கு அருகே, ஃபின்லாந்துக்காரர்களின் தேவாலயத்துக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்கும் ஓர் இரும்புப் பையன் சிலை. உயரம் ஆறே அங்குலம்! குளிர்காலத்தில் யாராவது அவனுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிப் போட்டுவிடுவார்களாம்.

நகர மண்டபத்தில் 'நீல மண்டபம்' செங்கல் சிவப்பாக இருக்கிறது. நீலம் பூசுவதாக இருந்து, செங்கல்லின் அழகைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் மனம் மாறிவிட்டாராம். பெயர் மட்டும் நின்றுவிட்டது. டிசம்பர் 10-ம் தேதி நோபல் விருந்து இங்கேதான். 2009-ல் வேதியியல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்றதும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. பால் என்று நினைத்து என் மனைவி காப்பியில் ஊற்றியது 'ஃபில்' என்ற தயிர். காப்பி போயிற்று, அன்றைக்குத் தயிர்சாதம் கிடைத்தது.

எல்லாவற்றிலும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது வாசா அருங்காட்சியகம். 18 வயது வரை அங்கே கட்டணமில்லை. 69 மீட்டர் நீளம், 64 பீரங்கி, உடம்பெல்லாம் சிற்பம். 1628 ஆகஸ்ட் 10-ம் தேதி புறப்பட்ட அந்தப் போர்க்கப்பல் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடப் போகவில்லை. காற்று சற்று பலமாக அடித்தது, சாய்ந்தது, மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961-ல் வெளியே எடுத்தார்கள்.

காரணம்? மேல்பாரம் அதிகம். அது முன்பே தெரியும்! முப்பது பேரைத் தளத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும் போல ஆட, தளபதி நிறுத்திவிட்டார். ஆனால் போர்முனையிலிருந்த ராஜா குஸ்தாவ் அடால்ஃப் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ராஜாகிட்ட ஏம்ப்பா யாரும் சொல்லல?" என்றாள் மகள்.

"பயம்தாம்மா."

அன்றிரவு பத்து மணி. ஜன்னலில் இன்னும் வெளிச்சம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, போன கணக்குப் பரீட்சையில முப்பத்தெட்டு மார்க். உங்க கையெழுத்த நானே போட்டுட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். 'எத்தனை மார்க், எத்தனாவது ரேங்க்' என்று தினமும் விரட்டுகிற ராஜா யார் என்பது அப்போதுதான் உறைத்தது. "இப்பவாவது சொன்னியே" என்றேன். ஊர் திரும்பியதும் இருவருமாகக் கணக்குப் புத்தகத்தோடு உட்காருகிறோம்.

தன் நாட்டின் மிகப்பெரிய தோல்வியைக் கண்ணாடிபோல் துடைத்து, ஊருக்கு நடுவே வைத்து உலகத்துக்கே காட்டுகிறார்கள் அந்த மக்கள். நாமோ ஒரு மார்க் ஷீட்டை அலமாரியில் ஒளிக்கிறோம். போகிறவர்கள் வேறெதை விட்டாலும் அந்தக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வராதீர்கள். நீங்களும் பாருங்கள்.