விமானமும் காத்திருக்கும்!

குட்டீஸ்... மாணவர்களின் பரீட்சைக்காக, விமானங்கள் வானில் வட்டமடித்துக் காத்திருக்கும் நாடு, தென் கொரியா!

அங்கே, பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள், பல்கலைக்கழகத்தில் சேர, 'சுனுங்' என்ற தேர்வு எழுதுவர். ஆண்டுக்கு ஒருமுறை தான்; நவம்பரில் நடக்கும். காலை, 8:40க்குத் துவங்கி, மாலை வரை எழுத வேண்டும். சின்ன விஷயமா அது!

சியோல் தேசிய பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க, கடும் போட்டி. பள்ளி விட்டதும் டியூஷன். சியோல் நகரில், இரவு, 10:00 மணிக்கு மேல் டியூஷன் கூடாது என, சட்டமே உண்டு.

தேர்வு நாளில், நெரிசலைக் குறைக்க, பல அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். நேரமாகித் தவிக்கும் மாணவரை, போலீசாரே வண்டியில் கொண்டு போய் விடுவர். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு பதில் எழுதும், 35 நிமிடமும், விமானம் ஏறாது, இறங்காது.

கொரிய மொழியில், 'ஒட்டு' என்பதற்கும், 'தேர்ச்சி பெறு' என்பதற்கும் ஒரே சொல். அதனால், பிசுபிசுப்பான, 'யோத்' மிட்டாய் தருவர். வழுக்கும் கடற்பாசி சூப்பை, அன்று பலர் தொடுவதில்லை.

விரும்பிய இடம் கிடைக்காதோர் பலர், ஓராண்டு மீண்டும் படித்து, அடுத்த நவம்பரில் எழுத வருவர். அவர்களுக்கும் மிட்டாய் உண்டு!