மாமரத்துக்கு மேலே எந்தச் செயற்கைக்கோள்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் டிஷ் மாட்ட வருகிறவர் ஏணியைச் சாத்துவதற்கு முன் மரங்களைத்தான் பார்ப்பார். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ்களைச் சுற்றி மாவும் பலாவும் வேம்பும் தென்னையும் கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கும் ஊர் இது. "எச்டிக்கு மாறப் போறோம், எந்த கம்பெனி நல்லது?" என்ற கேள்விக்கு எந்த விளம்பரமும் சொல்லாத பாதிப் பதில் அந்தக் கிளைகளுக்கு நடுவில் இருக்கிறது. மீதிப் பாதி வீட்டுக்குள்ளே.

முதலில் வீட்டுக்குள் பார்ப்போம். நம் நாட்டின் பழைய எஸ்டி படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 என மொத்தம் 4,14,720 புள்ளிகள். முழு எச்டியில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. வகுத்துப் பார்த்தால் மிச்சமில்லாமல் ஐந்து மடங்கு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனம் எச்டி ஆராய்ச்சியைத் தொடங்கியது. எத்தனை புள்ளிகள் என்பதோடு, மனிதர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் என்பது அவர்கள் கண்ட அளவு.

ஏன் அந்த அளவு? நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். 32 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அதில் எஸ்டி படத்தின் ஒரு வரி 0.7 மில்லிமீட்டர், அதைத் தனியாகப் பிரித்துக் காண இரண்டரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எச்டி வரியோ 0.37 மில்லிமீட்டர்தான், அதற்கு ஒன்றேகால் மீட்டருக்கு வர வேண்டும். ஹாலின் மறுகோடியில் மூன்று மீட்டர் தள்ளி நாற்காலி போட்டிருந்தால், 32 அங்குலத்தில் அந்த ஐந்து மடங்கும் கண்ணுக்கு வந்து சேராது. அதே நாற்காலிக்கு 43 அங்குலம் வைத்தால் வித்தியாசம் தெரியத் தொடங்கும். எச்டி பேக் எடுப்பதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்குக்கூட எச்டி சேனல் துலக்கமாகத் தெரிவதுண்டு. அதற்குக் காரணம் சுருக்குதல். எச்டி படத்தை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 60 கோடி பிட்டுக்கு மேல் போகும். செயற்கைக்கோளில் அவ்வளவு இடம் கிடையாது. ஒரு கோடிக்குள் அடக்கியாக வேண்டும். அதனால் மாறாத பகுதியைத் திரும்ப அனுப்புவதில்லை. செய்தி வாசிப்பவரின் பின்னணி அப்படியே நிற்கும், உதடும் கண்ணும் மட்டும் புதிதாக வரும். கொட்டும் அருவியையோ பூ மாரியையோ காட்டினால் எல்லாமே மாறுவதால் படம் கட்டம் கட்டமாகத் திணறும். எஸ்டி சேனல்களை இன்னும் இறுக்கிப் பிழிகிறார்கள். எச்டிக்குக் கொஞ்சம் தாராளம். 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறையில், ஓர் எச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கிட்டார்கள். ஐந்து மடங்கு படம் என்றாலும் கட்டணக் கணக்கில் இரண்டு மடங்குதான்.

இத்தனையும் கடந்து வந்த படத்தைக் கடைசி ஒரு மீட்டரில் வீணாக்கும் வீடுகள் உண்டு. எச்டி பாக்ஸ் வாங்கிவிட்டு, பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி கேபிளையே செருகி வைத்திருப்பார்கள். அந்த மஞ்சள் கம்பியில் எஸ்டி படம் மட்டும்தான் போகும். எச்டிஎம்ஐ கேபிள் போட்டால்தான் கொடுக்கும் காசுக்குப் படம்.

இனி வாசலுக்கு வரலாம். வீட்டு டிஷ்ஷுக்கு நேராக அனுப்பும் டிடிஎச் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் வேறு. டாடா பிளே 83 டிகிரி கிழக்கில். 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 அந்நிறுவனத்துக்காகவே போனது. சன் டைரக்ட் 93.5 டிகிரியில், ஏர்டெல் 108.2 டிகிரியில். நெய்வேலியில் நின்று கணக்கிட்டால், முதலாவது ஏறக்குறைய தலைக்கு மேலே, தெற்கிலிருந்து சற்றே கிழக்காக, 76 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டாவது தென்கிழக்கில் 69 டிகிரியில். மூன்றாவது கிழக்கை ஒட்டி 54 டிகிரிக்குத் தாழ்ந்துவிடும். ஆகவே கிழக்கே பெரிய பலா நிற்கும் வீட்டுக்கு ஒரு கம்பெனி சரிப்படும். தெற்கே கூரையை மூடிய மாமரம் இருந்தால் வேறொன்று. நனைந்த இலை, காய்ந்த இலையைவிட அலையை அதிகமாக விழுங்கும். வெயிலில் நன்றாக ஓடிய டிவி தூறலிலேயே நின்றால் மேகத்தைவிட முதலில் கிளையைச் சந்தேகப்படுங்கள்.

எந்தக் கிளை மறைக்கிறது என்று பார்க்கும்போது டிஷ்ஷின் முகத்தை வைத்துத் திசையை எடைபோடாதீர்கள். நடுவில் அல்லாமல் கீழ்ப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் அலைவாங்கி காரணமாக, அந்தத் தட்டு தான் பார்க்கும் இடத்தைவிடத் தாழ்ந்த இடத்தை நோக்குவது போலத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம் பக்கத்தில் பெரிய சோதனை. டிடிஎச் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் போதும். மழை ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டால், 76 டிகிரியில் வரும் அலை மழைக்குள் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கும். 54 டிகிரியில் சாய்ந்து வருவது ஆறு கிலோமீட்டருக்கு மேல். பழைய அனலாக் படம் மெல்ல மெல்லப் புள்ளி விழுந்து மங்கும். டிஜிட்டல் படம் கடைசி வரை பளிச்சென்று இருந்துவிட்டுச் சட்டென்று உறைந்துபோகும்.

கேபிள்காரர் பெரிய டிஷ் வைத்து வாங்குவதால் சாதாரண மழை அவரை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2017-இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செட்டாப் பாக்ஸ்கள் வீடுகளுக்கு வந்தபின் டிஜிட்டல் படம் அந்தக் கேபிளிலும் வந்தது. மரம் அடர்ந்த வட்டங்களில் நான் கேபிளையே முதலில் விசாரிக்கச் சொல்வேன். ஆனால் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைக் கடந்தபோது மரங்களோடு கம்பங்களும் கம்பிகளும் சாய்ந்ததையும் மறக்க முடியாது.

டிஷ்ஷே போடுவதானால், ஒரு வேலை செய்துவையுங்கள். அறுபது சென்டிமீட்டர் தட்டு வானத்தில் மூன்று டிகிரி அகலத்தை மட்டுமே பார்க்கிறது. பலத்த காற்றில் இரண்டு டிகிரி திரும்பினாலே போதும், படம் போய்விடும். வானம் தெளிந்த ஒரு நாளில் பாக்ஸின் மெனுவில் சிக்னல் தரம் என்ன என்று பார்த்து, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காற்றுமழை ஓய்ந்த பிறகும் அந்த எண் குறைவாகவே இருந்தால் பாக்ஸை மாற்றச் சொல்ல வேண்டாம்; டிஷ்ஷைத் திருப்பிவைக்க ஆளைக் கூப்பிடுங்கள்.