ஈடேல்: நடப்போர் நாடும் சிற்றூர்

நகரத்தார் சிற்றூரை நாடுவது அமைதியைக் கருதியேயாம். அவ்வமைதி இயற்கையின் கொடை மட்டுமன்று. மாந்தர் முயன்று பெற்றுப் பேணிவருவதுமாகும். இதற்கு இங்கிலாந்தின் ஈடேல் தக்கதோர் எடுத்துக்காட்டு.

டார்பிசயர்ப் பகுதியிலே, நோ என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் ஈடேல் அமைந்துள்ளது. 'பூத்' என முடியும் பெயர்களையுடைய ஐந்து குடியிருப்புக்களின் தொகுதியே இவ்வூர். பூத் என்பது முற்காலத்தில் மாடு மேய்ப்போர் தங்கிய குடிலைக் குறித்த சொல். அக்குடில்களே நாளடைவிற் குக்கிராமங்களாயின. மான்செஸ்ரரையும் செபீல்டையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1894ஆம் ஆண்டு இதனூடே திறக்கப்பட்டது. ஆலைப் புகையில் உழன்ற தொழிலாளர் ஓய்வு நாட்களில் நல்ல காற்றை நாடி இங்கு வரலாயினர்.

வந்தோர்க்கு வழி இருந்ததோவெனின், மிகச் சிறிதே இருந்தது. ஊருக்கு வடக்கே 636 மீற்றர் உயர்ந்து நிற்கும் கிண்டர் ஸ்கவுற் மேட்டுநிலம், காட்டுக்கோழி வேட்டைக்கென நிலவுடைமையாளரால் அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்பிரல் 24ஆம் நாள் சில நூறு இளைஞர் தடையை மீறி அம்மேட்டில் ஏறினர். பெரும்பாலோர் மேற்கே ஹேபீல்டிலிருந்தும், ஒரு சாரார் ஈடேலிலிருந்தும் புறப்பட்டனர். காவலாளரோடு கைகலப்பு நேர்ந்தது. பின்னர் ஐவர் சிறை சென்றனர். அத்தண்டனை பொதுமக்களின் பரிவை நடப்போர் பக்கம் திருப்பிற்று.

1949இல் தேசிய பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951இல் ஈடேலை உள்ளடக்கிய பீக் மாவட்டம் பிரித்தானியாவின் முதலாவது தேசிய பூங்காவாயிற்று. தொம் ஸ்ரீவன்சன் 1935இல் முன்மொழிந்த பென்னைன் நெடும்பாதை 1965இல் திறக்கப்பட்டது. ஈடேலிலே தொடங்கும் அது, 268 மைல் சென்று ஸ்கொத்லாந்து எல்லைக்கப்பால் முடிகின்றது. மேட்டுநிலங்களிற் பாதையை விட்டு விலகியும் உலாவும் பொது உரிமையோ 2000ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டியது.

இன்று நிலையத்தில் இறங்குபவன், கற்சுவர் சூழ்ந்த புல்வெளிகளூடே அப்பர் பூத் வரை நடந்து, 'யாக்கோபின் ஏணி' எனப்படும் கற்படிகளால் மேடேறலாம். ஆயின், வேறோர் இடர் தோன்றிற்று. மேட்டிலுள்ளது மக்கிய தாவரங்களாலான மெத்தென்ற மண். எண்ணற்ற காலடிகள் பட்டு அது சேறாகவே, சேற்றை ஒதுக்கி நடந்தோரால் வழி மேலும் மேலும் அகன்றது. ஆதலின், இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்கள் பல இடங்களிற் பதிக்கப்பட்டன. எத்தகைய ஆலைகளை விட்டு முன்னோர் இங்கு ஓடிவந்தனரோ, அத்தகைய ஆலைகளின் கற்களே இன்று பேரர்க்கு வழியாயின.

படலையைக் கண்டவாறே விட்டுச் செல்லுதல், நாயை அடக்கி வைத்தல், தீ மூட்டாமை, குப்பையைத் தன்னுடனே கொண்டு செல்லுதல் என்பன அங்கு நடப்போர் கைக்கொள்ளும் நெறிகள். இவை சிறியனவாகத் தோன்றலாம். எனினும், போராடிப் பெற்ற உரிமை நிலைப்பது இத்தகைய ஒழுக்கத்தாலேயே என்பதை மாணவர் உளங்கொள்வாராக.