ஏர் பியூரிஃபையர்: வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று சென்னையில் யாராவது கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரவில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறீர்களா, மூடிவிட்டு ஏசி போட்டுத் தூங்குகிறீர்களா? விலையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான். அறைக்குள் இருக்கும் காற்றைத் திரும்பத் திரும்ப இழுத்து வடிகட்டுவதுதான் இந்தக் கருவியின் வேலை. ஜன்னல் திறந்திருந்தால் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும். கருவி ஓடும், மின்சாரம் செலவாகும், காற்றில் பெரிய மாற்றம் இருக்காது.

இது பிடிப்பது பி.எம். 2.5 போன்ற நுண்துகள்களை. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள இந்தத் துகள்கள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. இந்தியாவின் வரம்பு 40. கடற்காற்றின் தயவால் சென்னை, டெல்லி அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் அந்த 5-ஐப் பல மடங்கு தாண்டித்தான் நிற்கிறது.

ஊருக்குள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. மணலியின் ஆலைகளுக்கோ கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கோ அருகில் இருப்பவர் சுவாசிப்பதும் கடற்கரையை ஒட்டி இருப்பவர் சுவாசிப்பதும் ஒரே காற்று அல்ல. 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் திணறியது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே நிறுத்திவைத்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் உங்கள் பகுதிக்கு அருகில் உள்ள நிலையத்தின் அளவைச் சில வாரம் பார்த்துவாருங்கள். விளம்பரத்தை நம்பி முடிவெடுப்பதைவிட அது நல்லது.

அதைவிட முக்கியம், வீட்டுக்குள் நாமே கொளுத்துவது. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் சுருளை வைத்துக் குழந்தையைத் தூங்கவைக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. அந்த அறையில் பியூரிஃபையர் வாங்கி வைப்பதைவிட, சுருளை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வலை அடிப்பது பல மடங்கு பலன் தரும், செலவும் குறைவு. சாம்பிராணி, ஊதுபத்தி போட்டால் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள். தாளிக்கும்போதும் மீன் வறுக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். சமையலறைச் சிம்னிக்குப் புகையை வெளியே தள்ளும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்குமே தவிர, காற்றை வீட்டுக்குள்ளேயேதான் விடும்.

இவ்வளவும் செய்த பிறகு யார் வாங்கலாம்? ஆஸ்துமா உள்ள குழந்தை, நாள்பட்ட நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ள பெரியவர் வீட்டில் இருந்து, வீடு பிரதான சாலையையோ ஆலையையோ ஒட்டி இருந்து, படுக்கையறையை மூடிவைக்க முடியுமென்றால் தாராளமாக வாங்கலாம். கூடத்துக்கு வேண்டாம், கதவு திறந்து மூடும் இடம் அது. இரவு எட்டு மணி நேரம் ஒரே அறையில் படுத்திருக்கிறோமே, அங்கே வையுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். எண்ணை. ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பது அது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அந்தக் காற்று வடிகட்டப்பட வேண்டுமென்றால் 170 தேவை. பெட்டியில் அச்சிட்டிருப்பது முழு வேகத்தில் ஓடும்போது கிடைக்கும் அளவு. அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது, வேகத்தைக் குறைப்போம், காற்றும் குறையும். அதனால் 250-க்கு மேல் உள்ளதாகப் பார்ப்பதே சரி.

ஃபில்டர் அசல் ஹெப்பாவாக இருக்க வேண்டும். 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது அதன் அளவுகோல். ‘ஹெப்பா டைப்’ என்று எழுதியிருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஓசோன் உண்டாக்கும் கருவி எதையும் வாங்க வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்குக் கேடு. வாசனையையும் வாயுக்களையும் பிடிக்கக் கார்பன் வேண்டும், ஆனால் மெல்லிய கார்பன் தாள் பெரிதாக எதையும் செய்யாது. மாற்று ஃபில்டரின் விலையையும், அது ஊரில் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டாம், 40 வாட் கருவி இரவு மட்டும் ஓடினால் மாதம் பத்து யூனிட்டைத் தாண்டாது.

பியூரிஃபையர் புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. மூடிய ஏசி அறையில் நாம் விடும் கரியமில வாயு அப்படியே தங்கும். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கருவி வந்துவிட்டது என்பதற்காக, குழந்தையின் இன்ஹேலரை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.