வண்டி ஏறி ஆங்கிலத்துக்குப் போன சொல்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பம் 'வண்டியை எடு' என்றால் வெளியே வருவது ஸ்கூட்டராகவோ காராகவோ இருக்கும். பிரிட்டிஷார் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களும் கிட்டத்தட்ட இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள், ஆங்கிலச் சொல்லாகவே. 'பேண்டி' என்பது அவர்கள் உச்சரிப்பு ('பஸ்'ஸில் வரும் 'ப'). மாட்டுவண்டி 'புல்லக் பேண்டி' ஆயிற்று.

இதற்கு எழுத்து ஆதாரம், இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னலும் உருவாக்கியது. பர்னல் 1882ல் இறந்துவிட, அகராதி 1886ல் வெளிவந்தது. தமிழ் 'வண்டி', தெலுங்கு 'பண்டி' இரண்டையும் அது மூலமாகக் காட்டுகிறது. சென்னை, பம்பாய் மாகாணங்களில் சகஜமான இச்சொல் வங்காளத்து ஆங்கிலேயருக்குத் தெரியாது என்றும் சொல்கிறது.

லண்டன்வாசிக்கோ குழப்பம்தான். அவருக்குத் தெரிந்த 'பேண்டி' வேறு: வார்த்தைக்கு வார்த்தை பதில் வீசுவது, பனித்தரையில் வளைந்த மட்டையால் ஆடும் ஆட்டம், வளைந்த கால். இவற்றுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, சொல் யாருடையது? தமிழா, தெலுங்கா? ரிச்சர்ட்ஸ் டவுனில் நின்று கேட்டால் கன்னடமும் பங்கு கேட்கும். அங்கேயும் அது 'பண்டி'தான். தமிழில் 'வ' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப' ஆகின்றன. வாய் 'பாய்', வில் 'பில்லு', வாழை 'பாளெ'. ஆங்கிலேயர் காதில் விழுந்தது எந்த மொழி என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தப் பகுதியின் வரலாறும் அப்படித்தான். 1809ல் அமைந்த கன்டோன்மென்ட்டுக்கு சென்னை ராணுவத்தோடு வந்து தங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். அதன் விரிவாக்கமாகப் பின்னாளில் எழுந்த குடியிருப்புகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது, வாயைத் திறந்தால் வரும் மொழியே இந்நகரத் தமிழர்களுக்கு ஆபத்தானது. ஆனால் வண்டிக்காரனைக் கூப்பிட இரு மொழிக்காரர்களுக்கும் இருந்தது ஒரே சொல், ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஆங்கிலத்தில் 'பேண்டி' வழக்கொழிந்துவிட்டது. இந்தோனேசியாவில் இரு சக்கரக் குதிரை வண்டிக்கு இன்றும் பெயர் 'பெண்டி'. தமிழர்களோ மாட்டை அவிழ்த்துவிட்டு, எஞ்சினைப் பூட்டி, அதே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.